கல் தெறித்து ஆளுக்கு அடிபட்டுவிட்டது: புல்வெட்டும் தொழிலில் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

பச்சைத்தரை

வணக்கம். நான் சிறிய அளவில் தோட்டப் பராமரிப்புத் தொழில் செய்கிறேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். புல்வெட்டு, வேலிச்செடி கவாத்து, களை எடுப்பு, தேவைப்பட்டால் மருந்து அடிப்பது. ஆறு வருடமாக ஓடுகிறது.

போன வாரம் ஒரு தோட்டத்தில் நான் பிரஷ் கட்டர் (நீளக் கம்பின் நுனியில் நைலான் கம்பியோ பிளேடோ சுழன்று வெட்டும் மெஷின்) பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாலைந்து மீட்டர் தள்ளி எங்கள் ஆள் ஒருவர் வெட்டிய புல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த சரளைக்கல் ஒன்று பட்டுத் தெறித்து அவருடைய புருவத்தில் அடித்தது. நாலு தையல். கண் தப்பியது. ஒரு விரல் அகலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

நான் கண்ணாடி போட்டிருந்தேன். அவர் போடவில்லை. மெஷின் பிடிப்பவருக்கு மட்டும்தான் கண்ணாடி என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அது ஐந்தாவது தோட்டம். வீட்டுக்காரர் வீட்டில் மாலை விருந்தினர் வருகிறார்கள், நாலு மணிக்குள் முடியுங்கள் என்று இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாக வெட்டும் முன் தரையை ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை.

இனி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். விதிமுறைத் தாள் ஒன்று தயார் செய்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கவாத்துக்கத்தி

முதலில், அவருடைய கண் தப்பியதே பெரிய விஷயம். நீங்கள் நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி தம்பி. இதைப் படித்துவிட்டு இன்னொருவர் தன் ஆளைத் தள்ளி நிற்கச் சொன்னால் அதுவே போதும்.

22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கையெழுத்துத் தாள் பிறகு இருக்கட்டும். முதலில் தூரம். பிரஷ் கட்டர் ஓடும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. இது நான் சொல்வது அல்ல. பெரும்பாலான மெஷின்களின் கையேட்டிலும், மெஷின் மேலேயே ஒட்டியிருக்கும் படத்திலும் உள்ள கணக்கு. நாலைந்து மீட்டரில் ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார் என்றால் அவர் கல் விழும் வட்டத்துக்குள்தான் நின்றிருக்கிறார். கண்ணாடி போட்டிருந்தால் கண் தப்பும், பல்லும் கழுத்தும்?

அதனால் வெட்டுவது ஒரு நேரம், கூட்டுவது ஒரு நேரம். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் செய்வதை நிறுத்துங்கள். கூட்டுபவரைத் தோட்டத்தின் மறுபக்கம் கவாத்துக்கு அனுப்பலாம். யாராவது மெஷின் பிடிப்பவரிடம் பேச வேண்டும் என்றால் முன்பக்கமாக, தூரத்தில் நின்று கையை உயர்த்த வேண்டும். அவர் ஆக்சிலேட்டரை விட்டு, சுழல்வது நின்ற பிறகுதான் கிட்டே வர வேண்டும். பின்பக்கமாக வந்து தோளைத் தொடுவது கூடவே கூடாது. திடுக்கிட்டுத் திரும்பினால் மெஷினும் கூடவே திரும்பும்.

மோவருக்கும், அதாவது சக்கரத்தில் ஓடும் புல்வெட்டிக்கும், இதே பயம் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 சென்டிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு 3000 சுற்று. பிளேடின் நுனி வினாடிக்கு ஏறக்குறைய 78 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 280 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு ஆணி பட்டால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தரையை நடந்து பார்ப்பதைப் பற்றி இன்னும் நிறைய சொல்ல வேண்டும். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

---

புதுத்தளிர்

நான் இப்போதுதான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். பிரஷ் கட்டரில் நைலான் கம்பி கல் ஓரத்தில் அடிக்கடி அறுந்துவிடுகிறது. அதற்குப் பதில் மெல்லிய இரும்புக் கம்பியோ சங்கிலி வைத்த தலையோ போடலாமா? போட்டு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

---

பட்டறைக்காரர்

தயவு செய்து போடாதீர்கள்.

நைலான் கம்பி அறுந்தால் அதன் துண்டு லேசானது. இரும்புக் கம்பித் துண்டோ, சங்கிலியின் ஒரு கண்ணியோ கழன்றால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி. சங்கிலி வைத்த தலையில் இருந்து கண்ணி பறந்து உயிர் போயிருக்கிறது. அதனால்தான் ஒன்றோடு ஒன்று கோத்த உலோகத் துண்டுகளால் ஆன வெட்டுத் தலைகளைக் கையில் பிடிக்கும் பிரஷ் கட்டர்களுக்கு விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை போட்டது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

கம்பி அடிக்கடி அறுகிறது என்றால், நீங்கள் கல்லின் மேலேயே கம்பியை அடிக்கிறீர்கள் என்று பொருள். ஓரத்தில் வேகத்தைக் குறையுங்கள். கம்பியின் நுனி மட்டும் புல்லில் படட்டும். மெஷினுக்குச் சொன்ன தடிமனில் கம்பி வாங்குங்கள். கல் நெருக்கமாக உள்ள ஓரங்களில் கைக்கத்தரிதான் சரியான கருவி. நேரம் ஆகும், ஆகட்டும்.

மெஷின்கள் பழுது பார்ப்பது என் வேலை. என்னிடம் வரும் மோவர்களில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாது. கைப்பிடியில் ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால்தான் பிளேடு ஓடும், கையை விட்டால் நிற்கும். அமெரிக்காவில் 1982-இல் கொண்டுவந்த விதிப்படி, நடந்து தள்ளும் மோவரில் கையை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். அப்படியொரு விதி தேவைப்பட்டதற்குக் காரணம் எத்தனையோ பேருடைய விரல்கள். ஆனால் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் அந்த லீவரைச் சணல், டயர் ட்யூப், ஒயர் என்று எதையாவது சுற்றிக் கைப்பிடியோடு கட்டியிருக்கிறார்கள். பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறதாம். நான் அவிழ்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். கட்டித்தான் வேண்டும் என்பவரிடம் வண்டியைத் தருவதில்லை. கை வலித்தால் லீவரின் கேபிள் இறுகியிருக்கிறது என்று பொருள், எண்ணெய் விட்டால் சரியாகும் வேலை.

ஈரப்புல் அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறீர்கள்? எஞ்சினை நிறுத்திவிட்டேனே என்று கையை விடுவதுதான் வழக்கம். அங்கேதான் தப்பு. பிளேடு எஞ்சினின் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் பிளேடைக் கையால் திருப்பினால் உள்ளே பிஸ்டனும் ஏறி இறங்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்து ஸ்பார்க் பிளக்கில் பொறி வந்தால் பிளேடு ஒரு அடி அடிக்கும். அந்த ஒரு அடி போதும். ஆகவே ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள், அப்புறம் குச்சியால் புல்லைத் தள்ளுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியை வெளியே எடுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. கரண்டில் ஓடுவது என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்கு 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச் (ஆர்.சி.டி) கட்டாயம் வேண்டும். ஒயர் அறுபடுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

உருளை மாதிரிச் சுழலும் பழைய வகை மோவரில் இன்னொரு ஆபத்து. எஞ்சினே ஓடாவிட்டாலும், சிக்கிய குச்சியைக் கையால் எடுத்த கணத்தில் அழுத்தம் விடுபட்டு உருளை கால் சுற்று சுற்றும். குச்சியை எடுக்கக் குச்சியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பெட்ரோலைப் பற்றி இரண்டு வரி. சூடான எஞ்சினில் ஊற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறட்டும், அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள். கேனை வண்டிக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பு மேல் இருக்கும் கேனில் நிலைமின்சாரம் சேரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொடும்.

---

தனியாள்

எல்லாம் சரி. ஆனால் இதெல்லாம் நாலு வண்டி, மேலாளர், அலுவலகம் என்று இருப்பவர்களுக்கு. நான் ஒற்றை ஆள். தோட்டத்துக்கு இவ்வளவு என்று பேசித்தான் வேலை எடுக்கிறேன். ஒரு தோட்டத்தில் நடந்து பார்க்க 15 நிமிடம், எஞ்சின் ஆற 15 நிமிடம் என்று போனால் நாளில் ஒரு தோட்டம் குறையும். ரேட்டைக் கூட்டினால் அடுத்தவன் குறைத்துச் சொல்லி வாங்கிக்கொண்டு போகிறான். பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன்.

---

கவாத்துக்கத்தி

தனியாள் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. நான் முன்பு பாதியில் நிறுத்தியதும் இதற்காகத்தான்.

நம் தொழிலில் நான் அறிந்த பெரும்பாலான விபத்துகள் மெஷின் கையில் வந்த பிறகு தொடங்கவில்லை. ரேட் பேசிய அன்றே தொடங்கிவிட்டன. பச்சைத்தரை எழுதியதைத் திரும்பப் படியுங்கள். ஐந்தாவது தோட்டம், நாலு மணிக்குள் முடிக்கச் சொன்னார்கள், நடந்து பார்க்கவில்லை. கல் பிறகுதான் வருகிறது. நாளைக்கு ஐந்து தோட்டம் என்று கணக்குப் போட்டபோது நடந்து பார்க்கும் நேரத்தை அதில் சேர்க்கவே இல்லை. சேர்க்காத நேரம் அவசரம் வந்தால் முதலில் காணாமல் போகும்.

நான் பத்து வருடத்துக்கு முன் மாற்றிக்கொண்ட ஒரே விஷயம் இது. தோட்டத்தைப் பார்க்காமல் போனில் ரேட் சொல்வதில்லை. நேரில் போய், வெட்டும் நாளில் நடப்பது போலவே முழுக்க ஒரு சுற்று நடப்பேன். சரிவு எங்கே, சரளை எங்கே, புல்லுக்குள் மறைந்த குழாய் முனை, மூடி இல்லாத பள்ளம், கம்பி முளை, மேலே மின்கம்பி, குளவிக்கூடு, கட்டாத நாய், குழந்தைகள் விளையாடும் இடம், குடிக்கும் தண்ணீர்க் குழாய், போனில் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வாசலில் நிற்கும். ஒரு பக்கம் போதும். அதை எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்துத்தான் ரேட் சொல்கிறேன். நடந்து பார்ப்பது, மெஷின் ஆறுவது, வெயிலில் ஓய்வு எல்லாம் அந்த மணிக்குள் இருக்கும்.

அடுத்தவன் குறைத்துச் சொல்வான் என்பது உண்மைதான். நானும் வாடிக்கையாளர்களை இழந்தேன், முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைச் சேர்த்து எண்ணுங்கள். நீங்கள் ஒற்றை ஆள். உங்கள் கை போனால் தொழிலே போய்விடும். நாலு வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு ஆள் படுத்தால் மூன்று வண்டி ஓடும். இதெல்லாம் பெரியவர்களுக்கு என்கிறீர்கள், உங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

வாடிக்கையாளரிடம் "பாதுகாப்புக்குக் கூடுதல்" என்று தனியாகக் கேட்காதீர்கள், அதைப் பேரம் பேசி வெட்டிவிடுவார்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்லுங்கள். கூடவே ஒரு வரி: "வெட்டும் நாளில் தரையில் இருக்கும் பொம்மை, ஹோஸ் பைப், நாய்ச் சங்கிலி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், வேலை நடக்கும்போது யாரும் வெளியே வர வேண்டாம்." இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் குறைவு. பலருக்குத் தங்கள் குழந்தையைப் பற்றி நாம் யோசிக்கிறோம் என்பதில் நம்பிக்கைதான் வந்தது.

---

மண்கை

முதலாளிகள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வேலை செய்யும் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். ஒன்பது வருடம் தோட்ட வேலையில் இருக்கும் பெண் நான். களை, நாற்று, மருந்து அடிப்பு எல்லாம் செய்திருக்கிறேன்.

கையுறை கொடுத்திருக்கிறார்களே, ஏன் போடவில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறேன். என் கைக்கு அது இரண்டு அளவு பெரியது. விரல் நுனியில் தொங்கும் துணி கத்தரியில் சிக்கும். போடாமல் வேலை செய்தது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. எங்கள் அளவு என்ன என்று ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை. கண்ணாடியும் அப்படித்தான், முகத்தில் நிற்காமல் நழுவும்.

மருந்து அடிக்கும்போது தோல் கையுறையும் துணிக் கையுறையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது மருந்தை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும், வெறுங்கையைவிட மோசம். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும், உள்ளே துணி இல்லாதது. மூச்சில் போவதைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் தெளிக்கிறவருடைய உடம்புக்குள் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. கலக்கும்போதுதான் அதிக ஆபத்து, அப்போது கையில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து. கழற்றும் முன் கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முழங்கை வரை கொப்புளம் வந்த பிறகு நானே தெரிந்துகொண்டேன்.

அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் மனது பதறுகிறது. மாற்று உடுப்பும் கழுவ இடமும் வேலை நடக்கும் இடத்திலேயே வேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை எங்கே பார்த்தாலும் சண்டை போட்டு நிறுத்துங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி உள்ளே போனால் அதற்கு விஷமுறிவு மருந்தே கிடையாது. ஒரு வாய் போதும்.

இன்னொன்று. பாதுகாப்புச் சாமான்களின் விலையைக் கூலியில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை, 1981-இல் வந்தது, பாதுகாப்பு நடவடிக்கைகளுக்குத் தொழிலாளி எந்தச் செலவும் செய்யக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைத்து வேலையை விட்டு விலகினால் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. 2022-இல் இந்த உடன்படிக்கையை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டார்கள்.

பச்சைத்தரை அண்ணா, கையெழுத்து வாங்குவதற்கு முன் உங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, எந்த வேலையில் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வோம்.

---

பச்சைத்தரை

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கி வைத்த கையுறை எல்லாம் ஒரே அளவுதான். என் கைக்குப் போட்டுப் பார்த்து வாங்கியது. நாளைக்கே மூவரிடமும் கேட்கிறேன்.

---

மருந்துப்பெட்டி

அவசரப் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். இந்த இழையில் வந்த காயங்களை எல்லாம் நேரில் பார்த்திருக்கிறேன். வண்டியில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். அதைத் திறந்து பயன்படுத்த ஒருவருக்காவது தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துக் காயத்தின் மேலேயே நேராக அழுத்துங்கள், விடாமல். எட்டி எட்டிப் பார்ப்பதற்காக எடுக்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு செத்துவிடும். ஐஸில் புதைத்துக் கொண்டு வந்து, ஒட்ட முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், அழுத்தாமல் மூடிக்கொண்டு வாருங்கள். மருந்து தெறித்தால் அதற்கு நேர்மாறு: அங்கேயே, அந்த நொடியே, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகுதான் வண்டி. மருந்தின் லேபிளையும் கூடவே கொண்டு வாருங்கள்.

மண்ணில் வேலை செய்பவர்கள் டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை எழுதி வைத்திருக்க வேண்டும். 10 வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டும், அழுக்கான ஆழக் காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே போடுவார்கள்.

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே? வெயில் தாக்கி இறப்பவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாளில் இருப்பவர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். புதிய ஆளுக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு என்று கூட்டுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர். ஒருவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தடுமாறுகிறார், எரிந்து விழுகிறார் என்றால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குளிர வைப்பது முதலில், ஏற்றிச் செல்வது அடுத்து. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

---

புதுத்தளிர்

மண் கலவை மூட்டை பற்றியும் ஒரு எச்சரிக்கை பார்த்தேன், முகமூடி போடச் சொல்கிறது. அது உண்மையா?

---

மருந்துப்பெட்டி

உண்மைதான். தொட்டி மண், கம்போஸ்ட் இவற்றில் லீஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கலாம். தூசியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரும். மூட்டையை முகத்துக்கு நேரே வைத்துக் கிழிக்காமல் தள்ளி வைத்து மெதுவாகத் திறந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். மூடிய கொட்டகையில் செய்ய வேண்டாம். கையைக் கழுவாமல் வாயில் எதுவும் வைக்காதீர்கள். மண் வேலை செய்து சில நாளில் காய்ச்சலும் இருமலும் வந்தால் மருத்துவரிடம் அந்த வேலையைச் சொல்ல மறக்காதீர்கள்.

---

கவாத்துக்கத்தி

என் கையைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

குளிர்ந்த காலையில் என் வலது கையின் மூன்று விரல்கள் நுனியில் இருந்து வெளுத்துப் போகும். மரத்துப் போகும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. அரை மணி நேரம் கழித்து ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துவது போல வலிக்கும். இருபது வருடம் பிரஷ் கட்டரும் வேலிச்செடி வெட்டியும் பிடித்ததன் விளைவு. அதிர்வால் விரல் ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். முற்றிய பிறகு இது திரும்பிச் சரியாவது அரிது. முதலில் லேசாகக் கூச்சம் வந்தபோது, வேலை செய்த களைப்பு என்று விட்டுவிட்டேன். ஒரு வேளை அப்போதே நிறுத்தியிருந்தால்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. மெஷினின் கையேட்டில் அதிர்வு அளவு மீட்டர்/வினாடி² என்று போட்டிருக்கும். ஐரோப்பிய விதிப்படி, 8 மணி நேர வேலைக்குச் சராசரி 2.5 வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. உங்கள் மெஷின் 7 காட்டினால், ஏறக்குறைய 1 மணி நேரத்தில் முதல் எல்லை வந்துவிடும், 4 மணி நேரத்தில் இரண்டாவது எல்லை. நான் நாளுக்கு ஆறு மணி நேரம் பிடித்திருக்கிறேன். இருவர் இருந்தால் அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கதகதப்பாக வையுங்கள். தேய்ந்த ரப்பர் புஷ்ஷையும் வளைந்த பிளேடையும் உடனே மாற்றுங்கள், அவையும் அதிர்வைக் கூட்டும்.

காதும் அதே கதை. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். பெட்ரோல் மெஷின் பிடிக்கும்போது கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டியாயிற்று.

---

தனியாள்

கவாத்துக்கத்தி அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் மெஷினின் கையேட்டைத் தேடி எடுத்தேன். 8.4 போட்டிருக்கிறது. இடது கை சுண்டுவிரலில் எனக்கும் ஒரு கூச்சம் சில மாதமாக இருக்கிறது. நாளை மருத்துவரைப் பார்க்கிறேன்.

என்னிடம் இரண்டு சரிவுத் தோட்டங்கள் இருக்கின்றன. ஏறி உட்கார்ந்து ஓட்டும் மோவர்தான் கொண்டு போகிறேன். எவ்வளவு சரிவு வரை போகலாம்?

---

பட்டறைக்காரர்

கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. பெரும்பாலான ரைடிங் மோவர்களுக்கு 15 டிகிரி என்று போட்டிருப்பார்கள், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளப் பலகையை மட்டக்கருவி வைத்துச் சமமாகப் பிடியுங்கள், மேல்முனை தரையைத் தொட வேண்டும். கீழ்முனைக்கும் தரைக்கும் இடைவெளி 27 சென்டிமீட்டர் இருந்தால் 15 டிகிரி.

ஏறி ஓட்டுவதில் மேலும் கீழுமாக வெட்ட வேண்டும், குறுக்கே போனால் கவிழும். நடந்து தள்ளுவதில் அதற்கு மாறாகக் குறுக்கே வெட்ட வேண்டும், மேலும் கீழும் போனால் வழுக்கிக் கால் பிளேடுக்குள் போகும். ஈரமாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், வேறு நாளில் வாருங்கள். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் கவிழ்வுத் தடுப்புக் கம்பி நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். மரக்கிளைக்காக அதை மடித்திருந்தால் பெல்ட் போடக் கூடாது, கவிழும்போது குதிக்கக்கூட முடியாமல் போகும். பள்ளத்துக்கும் குளத்துக்கும் அருகே இருக்கும் ஓரத்தை விட்டுவிட்டு அங்கே பிரஷ் கட்டரால் வெட்டுங்கள்.

ஒற்றை ஆளாகப் போகிறீர்கள். போகும் இடம், திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டி அழைப்பு வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். போன் வண்டியில் கிடக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்கட்டும்.

---

பச்சைத்தரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மூவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். ஒருவர் ஏணியைச் சொன்னார். மேலே மின்கம்பி போகும் ஒரு வீட்டில் ஏணியில் ஏறி அலுமினியக் கம்பு வைத்து மட்டை வெட்டச் சொல்லியிருக்கிறேன், இரண்டு வருடமாக அந்தத் தோட்டத்துக்குப் போகும் முந்தின இரவு அவருக்குத் தூக்கம் வராதாம். எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மரத்தை இனி நாங்கள் தொடுவதில்லை, மின்வாரிய ஆட்களை வைத்துச் செய்யுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டார்.

நாளுக்கு ஐந்து தோட்டம் என்பதை நாலாக்கினேன். எல்லோருக்கும் புது ரேட் சொன்னேன். இரண்டு பேர் விலகிவிட்டார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கண்ணாடியும் கையுறையும் அவரவர் போட்டுப் பார்த்து எடுத்தவை. மோவர் லீவரில் கட்டியிருந்த ட்யூபை, ஆமாம், எங்களிடமும் ஒன்று இருந்தது, அறுத்துவிட்டேன்.

இப்போது ஒரு கேள்வி. அடிபட்டவர் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். தையல் ஆறிவிட்டது. ஆனால் ஒரு நாள் பார்க்க வந்தபோது தூரத்தில் மெஷின் ஸ்டார்ட் ஆன சத்தத்துக்கே கையை முகத்துக்குக் கொண்டுபோனார். அவரை எந்த வேலையில் வைப்பது? கூட்டும் வேலைக்கே திரும்ப அனுப்ப மனசு வரவில்லை. வீட்டில் இருங்கள் என்று சொல்லவும் முடியாது, அவருக்கு வேலை வேண்டும்.

---

மண்கை

அவரிடமே கேளுங்கள் அண்ணா. நாலு பேர் முன்னால் கேட்காமல் தனியாக.

---

கவாத்துக்கத்தி

மண்கை சொன்னதைச் செய்யுங்கள். அவர் சரி என்றால் இன்னொன்று செய்து பாருங்கள். தரையை நடந்து பார்க்கும் வேலையை அவரிடம் கொடுங்கள். மெஷின் எதுவும் ஓடாத நேரம் அது. கையில் ஒரு வாளி, கல்லும் கம்பியும் பொறுக்க. எடுக்க முடியாததன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி. முழுச் சுற்று நடந்து முடித்து, ஆட்கள் எல்லோரும் 15 மீட்டருக்கு வெளியே போயாயிற்று என்று பார்த்து, அவர் கையை உயர்த்திய பிறகுதான் நீங்கள் எஞ்சினைத் தொட வேண்டும். வீட்டுக்காரர் வந்து அவசரப்படுத்தினாலும் அவர் கை உயரும்வரை நில்லுங்கள். முதலாளியான நீங்கள் நிற்பதை மற்ற இரண்டு பேரும் பார்க்கட்டும்.

---

பச்சைத்தரை

சரி அண்ணா. ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன். வாளியும் கொடியும் இப்போதே வண்டியில் எடுத்து வைத்துவிட்டேன்.